குடும்ப மருத்துவரின் சுமையும் குரலும்

முன்னுரை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து தொண்டு செய்பவர் என்பன அந்நான்கு. இவற்றுள் நோயாளியின் துன்பத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மருந்தின் விலையைப் பற்றியும் பேசுகிறோம். நோயைத் தீர்க்கும் மருத்துவர் களைத்துப் போனால் என்ன ஆகும் என்ற வினாவை மட்டும் நாம் அதிகமாக எழுப்புவதில்லை. காலை முதல் நாற்பது பேரைப் பார்த்து முடித்த மருத்துவரிடம் நாற்பத்தோராவது ஆளாகப் போகிறவர் நாமாக இருந்தால், அவ்வினா நம்முடைய வினாவாகிவிடும்.

இவ்வினாவிற்கு விடை தேட ஏற்ற நாடு பிரிட்டன். அங்கே குடும்ப மருத்துவர்களின் வேலைச்சுமையும், அதைக் குறித்து அரசோடு பேசும் அவர்களின் அமைப்புகளும் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையன. அவ்வரலாற்றிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. தனி ஒருவரின் பொறுமையால் வேலைச்சுமை குறைந்ததில்லை. சுமையை அளந்து, சொல்ல வேண்டிய இடத்தில் கூடிச் சொன்னபோதே அது குறைந்தது. அவ்வாறு சொல்லும் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்பது அதனோடு ஒட்டிய வினா. இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

குடும்ப மருத்துவர் யார்?

பிரிட்டனில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால், விபத்து போன்ற அவசரங்கள் நீங்கலாக, நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட முடியாது. தாம் வாழும் பகுதியிலுள்ள குடும்ப மருத்துவரின் பட்டியலில் முன்னரே பெயரைப் பதிந்திருக்க வேண்டும். முதலில் அவரிடமே செல்ல வேண்டும். சிறப்பு மருத்துவர் தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஆகவே அவர் வீட்டின் வாயிற்காப்போனைப் போன்றவர். தலைவலி என்று வருபவர்களில் யாருக்கு வெறும் தலைவலி, யாருக்கு மூளையில் கட்டி என்று சில நிமிடங்களுக்குள் பிரித்தறிய வேண்டிய பொறுப்பு அவருடையது.

இன்னொன்றும் அறியத்தக்கது. அவர்களுள் பெரும்பாலோர் அரசு ஊழியர்களாக இருந்ததில்லை. அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தம் மருத்துவ நிலையத்தைத் தாமே நடத்துவோராகவே இருந்துவந்தனர். அவர்களுடைய வருவாயின் பெரும்பகுதி பட்டியலிலுள்ள தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பதிவு செய்த ஒருவர் ஆண்டில் ஒருமுறை வந்தாலும் இருபது முறை வந்தாலும் அவர் பொருட்டுக் கிடைக்கும் தொகை அதனால் உயராது. வருவோரிடம் கட்டணமும் இல்லை. நோயாளிக்கு இது பெரும் வரம். ஆனால் வரவுக்கு வரம்பில்லாமலும், மருத்துவரின் நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்ற வரம்போடும் அமைந்த ஏற்பாடு இது. வேலைச்சுமையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

குரல் பிறந்த கதை

1911-ஆம் ஆண்டு லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது தேசியக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளர்கள் வாரந்தோறும் சிறு தொகை செலுத்தினால் அவர்களுக்கு மருத்துவ உதவி கிடைக்க அது வழிசெய்தது. தொழிலாளியின் மனைவி மக்களுக்கு அந்த மருத்துவ உதவி கிடையாது. அதற்கு முன்பெல்லாம் தொழிலாளர் சங்கங்களும் நட்புறவுக் கழகங்களும் தாமே மருத்துவரை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் ஏ. ஜே. குரோனின் 1937-இல் வெளியிட்ட ‘தி சிடாடல்’ நாவலில் அவ்வாழ்க்கையைக் காணலாம். குரோனினே ஒரு மருத்துவர். வேல்ஸ் நாட்டின் டிரெடீகர் என்னும் சுரங்க ஊரில், தொழிலாளர்கள் நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தில் பணியாற்றியவர். பின்னாளில் தேசிய சுகாதாரப் பணியை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் பிறந்த ஊரும் அதுவே.

1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருத்துவர்களுக்கு ஒரு முக்கியமான உரிமை கிடைத்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் மருத்துவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ‘உள்ளூர் மருத்துவக் குழு’வைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அக்குழுக்கள் இன்றும் இயங்குகின்றன. அவற்றின் செலவுக்கு அந்தந்த வட்டாரத்து மருத்துவ நிலையங்களே வரி போலப் பணம் தருகின்றன. அக்குழுக்களின் பேராளர்கள் ஆண்டுதோறும் மாநாடு கூடித் தீர்மானங்கள் இயற்றுகிறார்கள். அரசோடு ஒப்பந்தம் பேசுவது 1832-இல் தோன்றிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் குடும்ப மருத்துவர் குழு. சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வது அவரவர் விருப்பம். உள்ளூர்க் குழுவோ, சங்க உறுப்பினர் ஆயினும் அல்லராயினும், தன் வட்டாரத்துக் குடும்ப மருத்துவர் அனைவருக்காகவும் பேச வேண்டியது.

1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கிற்று. அரசு ஊழியராக்கப்பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தால் அவ்வாண்டின் தொடக்கத்தில் நடந்த வாக்கெடுப்பில் மருத்துவருள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அத்திட்டத்தை எதிர்த்தனர். பெவன் சில விட்டுக்கொடுப்புகள் செய்தபின் எதிர்ப்பு தளர்ந்தது. ஏழை எளியோர், அதுவரை மருத்துவரிடம் போக வழியற்றிருந்த பெண்கள், முதியோர், குழந்தைகள் எல்லோரும் வாயிலில் வந்து நின்றார்கள். நெடுநாள் மறைத்து வைத்திருந்த நோய்கள் ஒரே சமயத்தில் வெளிப்பட்டன.

பொதுக் குளமும் 1965-ஆம் ஆண்டும்

அவ்வளவு கூட்டத்தைத் தாங்க மருத்துவ நிலையங்கள் ஆயத்தமாக இல்லை. ஆஸ்திரேலிய மருத்துவரான ஜோசப் காலிங்ஸ் பல நிலையங்களை நேரில் பார்த்து 1950-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய அறிக்கை, பல இடங்களில் இருந்த இழிநிலையை வெளிப்படுத்தியது. இடவசதி இல்லை, கருவி இல்லை, உதவியாளர் இல்லை. அவ்வதிர்ச்சி அடங்குமுன் 1952-இல் குடும்ப மருத்துவர்களுக்கென்று ஒரு கல்லூரி தோன்றியது. படிப்பையும் தரத்தையும் அது கவனித்தது. ஊதியப் பேச்சு அதன் வேலை அன்று.

நிலையங்கள் சீர்படாததற்கு ஊதிய முறையே பெரிய காரணம். அக்காலத்தில் குடும்ப மருத்துவர் அனைவருக்கும் சேர்த்து ஒரு மொத்தத் தொகையை ஒதுக்கி, அதிலிருந்து பங்கிட்டுக் கொடுத்தார்கள். இதைப் பொதுக் குளம் என்றே அழைத்தனர். நிலையச் செலவுகளையும் சராசரி கணக்கிட்டே ஈடு செய்தார்கள். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு மருத்துவர் நல்ல கட்டிடம் எடுத்து, செவிலியர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் வைத்துக்கொண்டால், செலவு அவருடையது. ஈடு மட்டும் எல்லோருக்கும் பொதுவான சராசரி. இடிந்த அறையில் ஒற்றையாளாக உட்கார்ந்து, தம் மனைவியையே தொலைபேசி எடுக்க வைத்தவருக்கோ, செய்யாத செலவுக்கும் பங்கு வந்தது. நன்றாக நடத்த முயன்றவர் நட்டப்பட்டார். ஆகையால் உதவியாளரை வைத்துச் சுமையைக் குறைக்கும் வழி அடைபட்டுக் கிடந்தது.

இந்த முடிச்சு 1965-இல் அவிழ்ந்தது. ஊதியப் பூசல் முற்றியபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. தேதியிடாத விலகல் கடிதங்களில் கையெழுத்திட்டுத் தம் அமைப்பிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 22,000 குடும்ப மருத்துவர்களுள் சுமார் 18,000 பேரின் கடிதங்கள் திரண்டன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஜேம்ஸ் கேமரன் தலைமையில் இருந்த குழு, ‘குடும்ப மருத்துவப் பணிக்கான சாசனம்’ ஒன்றை அமைச்சர் கென்னத் ராபின்சன் முன் வைத்தது. பேச்சின் முடிவாக 1966-இல் புதிய ஒப்பந்தம் வந்தது. உதவியாளர் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை அரசே திருப்பித் தந்தது. கட்டிட வாடகைக்கும் ஈடு கிடைத்தது. நிலையம் கட்டக் கடன் தர ஓர் அமைப்பு ஏற்பட்டது. பலர் சேர்ந்து நடத்தும் கூட்டு மருத்துவ நிலையங்கள் பெருகின. வரவேற்பாளரும் செவிலியரும் அங்கே இயல்பான காட்சியாயினர்.

நாம் கவனிக்க வேண்டியது, சாசனம் வெறும் ஊதிய உயர்வு கேட்டு நிற்கவில்லை என்பது. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அது எழுதிக் காட்டியது. அரசும் அதனாலேயே பேசுவதற்கு ஒரு பொருளைப் பெற்றது.

கடல் கடந்து சென்றவர்கள்

கூட்டு நிலையங்கள் எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் வளரவில்லை. வேல்ஸ் பள்ளத்தாக்கில் கிளின்கோர்க் என்னும் சுரங்கச் சிற்றூரில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கருத்தை வெளியிட்டார். நல்ல மருத்துவ வசதி எங்கே மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று அது பெயர் பெற்றது. சுரங்க ஊர்களிலும், பெருநகரங்களின் ஏழைப் பகுதிகளிலும் நோயும் மிகுதி, மருத்துவரின் சுமையும் மிகுதி. உள்நாட்டு மருத்துவர்கள் அங்கே போகத் தயங்கினர்.

அந்த இடங்களை நிரப்பியவர்களுள் பெரும்பங்கினர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பின்னர் வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து சென்றவர்கள். நம் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் இலங்கையிலும் படித்துச் சென்ற தமிழர்களும் அவர்களுள் உண்டு. சிறப்பு மருத்துவராகும் ஆசையோடு மருத்துவமனைகளுக்குச் சென்ற பலருக்கு அங்கே மேற்பதவிக் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. எனவே குடும்ப மருத்துவத்திற்குத் திரும்பினார்கள். 1980-களில் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தெற்காசியாவில் பிறந்தவர் என்பர். பலர் ஒற்றையாளாகவே நிலையம் நடத்தினர். இரவும் பகலும் அழைப்பு அவருக்கே.

அதிகச் சுமை சுமந்த இவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் அதே அளவில் அமர்ந்திருக்கவில்லை. 1975-இல் வெளிநாட்டு மருத்துவர் சங்கம் தோன்றியதற்கு இக்குறையும் காரணம் எனலாம். மெல்ல மெல்லத்தான் நிலைமை மாறியது. சாந்த் நாக்பால் 2013-இல் குடும்ப மருத்துவர் குழுவின் தலைவராகி, 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கப் பேரவையின் தலைவரானார்; சிறுபான்மை இனத்தவர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை. சிம்லாவில் பிறந்த கைலாஷ் சந்த் அச்சங்கப் பேரவையின் துணைத் தலைவராக இருந்தார்.

இரவுப் பணி நீங்கியது

2004 ஏப்ரலில் வந்த ஒப்பந்தம் சுமையின் இன்னொரு பகுதியை இறக்கி வைத்தது. அதுவரை பட்டியலில் உள்ளோர்க்கு இரவிலும் விடுமுறையிலும் மருத்துவ உதவி கிடைக்கச் செய்யும் பொறுப்பு குடும்ப மருத்துவருடையது. இனி, ஆண்டுக்குச் சராசரி 6,000 பவுன் வருவாயை விட்டுக்கொடுத்தால் அப்பொறுப்பிலிருந்து விலகலாம் என்றாயிற்று. பெரும்பாலோர் விலகினர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணி முதல் மாலை 6.30 வரை என்பது அடிப்படை நேரமாயிற்று. நோய்களைக் கண்காணித்துக் குறிப்பெழுதுவதற்கு மதிப்பெண் தந்து பணம் கொடுக்கும் முறையும் அப்போது வந்தது.

இதில் இழப்பும் உண்டு. நள்ளிரவில் அழைக்கும் நோயாளிக்குத் தம்மை அறிந்த மருத்துவரின் குரல் கேட்கவில்லை. மருத்துவருக்கு உறக்கம் கிடைத்தது. ஆனால் மதிப்பெண்ணுக்காகக் கணினியில் எழுத வேண்டியவை பெருகின. சுமையின் ஒரு பகுதி இறங்கியபோது மற்றொரு பகுதி ஏறிக்கொண்டது.

25 என்னும் எண்

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் முதியோர் பெருகினர். ஒரே ஆளுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தன. மருத்துவமனைகள் தம் வேலையில் ஒரு பங்கைக் கடிதம் மூலம் குடும்ப மருத்துவரிடம் தள்ளின. இந்தச் சோதனையைச் செய்க, இந்த மருந்தைத் தொடர்க என்று நாள்தோறும் கடிதங்கள் வந்தன. 2020-ஆம் ஆண்டிற்குள் 5,000 குடும்ப மருத்துவரைக் கூடுதலாகச் சேர்ப்பதாக அரசு உறுதி கூறியது, அது நிறைவேறவில்லை. இங்கிலாந்தில் 2015-இல் முழுநேரக் கணக்கில் ஒரு மருத்துவருக்கு 1,900 பேருக்குச் சற்று மேல் இருந்த பட்டியல், 2024-இல் 2,250-ஐத் தாண்டிவிட்டது. காலை எட்டு மணிக்குத் தொலைபேசி திறந்ததும் மக்கள் முண்டியடித்து அழைப்பதும், சற்று நேரத்தில் அன்றைய இடங்கள் தீர்ந்துபோவதும் அந்நாட்டில் அன்றாடப் பேச்சாயின.

இந்நிலையில் சுமைக்கு ஓர் எண் தேவைப்பட்டது. ஒரு மருத்துவர் நாளொன்றுக்கு 25 பேருக்கு மேல் பார்ப்பது பாதுகாப்பன்று என்று பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அறிவுறுத்தியது. ஒருவருக்கு 15 நிமிடம் ஒதுக்க வேண்டும் என்றும் கூறியது. இவ்வெண்ணை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அங்கே அரைநாள் வேலை என்பது 4 மணி 10 நிமிடம். எனவே ஒரு முழு நாளில் 500 நிமிடங்கள் உள்ளன. 25 பேரை 15 நிமிடம் வீதம் பார்த்தால் 375 நிமிடம் ஆகும். மீதமுள்ள 125 நிமிடங்களில் சோதனை முடிவுகள், மருத்துவமனைக் கடிதங்கள், மருந்துச் சீட்டுகள், வீட்டுக்குச் சென்று பார்த்தல் யாவற்றையும் முடிக்க வேண்டும். 40 பேரைப் பார்ப்பதானால், ஒருவருக்குப் பத்தே நிமிடம் கொடுத்தாலும் 400 நிமிடம் போய்விடும். எஞ்சுவது 100 நிமிடம். கடிதங்களோ 40 பேருக்கு ஏற்றபடி கூடியிருக்கும். அவற்றை மருத்துவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். இல்லையேல் விரைந்து புரட்டுவார். விரைந்து புரட்டும் தாள்களுள் ஒன்றில் புற்றுநோயின் முதல் அறிகுறி இருக்கக்கூடும். 25 என்னும் எண்ணை மருத்துவரின் வசதிக்கான எண் என்று மட்டும் கொள்வதற்கில்லை. அது நோயாளியின் உயிருக்கும் காவல்.

2024-இல் அரசு தந்த ஒப்பந்தத்தை மருத்துவர்கள் பெருவாரியாக மறுத்தனர். பின்னர் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் கூட்டு நடவடிக்கைக்கு ஆதரவளித்தனர். ஆகஸ்டு 1-ஆம் நாள் அது தொடங்கியது. நிலையங்களின் கதவு சாத்தப்படவில்லை. பத்து வகை நடவடிக்கைகளைச் சங்கம் பட்டியலிட்டு, இயன்றதைக் கைக்கொள்ளுமாறு கூறியது. நாளுக்கு 25 பேர் என்ற வரம்பு அவற்றுள் ஒன்று. ஒப்பந்தத்தில் இல்லாத இலவச வேலையை நிறுத்துவதும் அவற்றுள் அடங்கும். 2025-இல் 88 கோடியே 90 இலட்சம் பவுன் கூடுதல் நிதியோடு ஒப்பந்தம் உடன்பாடாயிற்று, நடவடிக்கையும் நின்றது. அதே ஆண்டு அக்டோபர் முதல், பணிநேரம் முழுவதும் இணையவழி வேண்டுகோளுக்கு வாயில் திறந்திருக்க வேண்டும் என்ற விதி வந்ததும், வரம்பின்றி வேலை குவியுமே என்ற பழைய அச்சம் மீண்டும் எழுந்தது.

வரம்பு வைத்தால் 26-ஆவது ஆள் எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரை வேறு நிலையத்துக்கோ அவசர உதவிக்கோ அனுப்புவது எளிய தீர்வன்று. காத்திருப்பின் துன்பம் அவருக்கே. ஆனால் 26-ஆவது ஆளையும் 40-ஆவது ஆளையும் பேசாமல் பார்த்து முடித்துவிட்டால், மருத்துவர் பற்றாக்குறை ஏட்டில் ஏறுவதே இல்லை. எல்லாம் சரியாக நடப்பதாகவே மேலிடத்திற்குத் தோன்றும்.

குரல் யாருடையது?

2024-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு மருத்துவ நிலையங்களின் உரிமையாளர்களான கூட்டாளி மருத்துவர்களிடையே நடந்தது. ஒப்பந்தம் அவர்கள் பெயரில் இருப்பதால் அது முறையே. ஆயினும் இன்று குடும்ப மருத்துவர் எல்லோரும் கூட்டாளிகள் அல்லர். அந்நிலையங்களிலேயே சம்பளத்திற்கு வேலை செய்வோர் பெருகிவிட்டனர். ஒருவர் விடுப்பில் போனால் அவரிடத்தில் வந்து பார்க்கும் தற்காலிக மருத்துவர்களும் பலர். சம்பள மருத்துவருக்கு அரசு மட்டுமா முதலாளி? பக்கத்து அறையிலுள்ள கூட்டாளியும் முதலாளியே. இருவருக்கும் ஒரே குழு பேசும்போது, இருவரின் நலமும் மோதும் இடங்கள் வரத்தான் செய்யும்.

2019-இல் மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர் முதலியோரை நிலையங்களில் சேர்க்க அரசு தனி நிதி தந்தது. அந்நிதியைக் கொண்டு மருத்துவரை அமர்த்த முதலில் இடமில்லை. விளைவு விந்தையானது. நோயாளிகள் மருத்துவருக்காகக் காத்திருக்க, பயிற்சி முடித்த மருத்துவர்களும் தற்காலிக மருத்துவர்களும் வேலை தேடி அலைந்தனர். 2024 அக்டோபரில்தான் அந்நிதியில் புதிய மருத்துவர்களையும் சேர்க்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. நிலையம் இல்லாதோரின் குறை அவைக்கு எட்ட எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு இது சான்று.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 அளவில் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை மிஞ்சியது. இங்கிலாந்துக் குடும்ப மருத்துவர் குழுவுக்கு முதல் பெண் தலைவராக ஃபாரா ஜமீல் தேர்ந்தெடுக்கப்பட்டது 2021-இல். இடைவெளிக்குக் காரணம் அரிதாய்த் தேட வேண்டியதில்லை. குழுவுக்கு வருவதற்கும் நேரம் வேண்டும். வேலைச்சுமை யாரை மிகவும் அழுத்துகிறதோ அவருக்கே மாலைக் கூட்டத்துக்கு வர ஓய்வு இல்லை. வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். கூட்டத்திற்கு வரும் மருத்துவரின் இடத்தில் மாற்று மருத்துவரை அமர்த்தப் பணம் தருவதும், கூட்ட நேரத்தை மாற்றுவதும் சிறு செய்திகளாகத் தோன்றலாம். அவையே பேராளர் யார் என்பதைத் தீர்மானிக்கின்றன.

முடிவுரை

குடும்ப மருத்துவரின் கதையில் மூன்று படிகளைக் கண்டோம். உதவியாளர் செலவைத் தனியே பிரித்துக் கேட்டது முதற்படி. இரவுப் பொறுப்பைப் பகற்பணியிலிருந்து பிரித்தது இரண்டாவது. ஒரு நாளின் வேலைக்கு எண் குறித்தது மூன்றாவது. ஒவ்வொரு படியிலும் ‘களைத்துப் போனோம்’ என்ற பொதுவான முறையீட்டை விட, எவ்வேலை, எவ்வளவு, யார் செலவில் என்ற தெளிவான பேச்சே பயன் தந்தது. அப்பேச்சில் சுரங்க ஊரின் ஒற்றை மருத்துவரும், சம்பள மருத்துவரும், கைக்குழந்தையோடு இருக்கும் பெண் மருத்துவரும் சேரத் தவறியபோதெல்லாம், அவர்கள் தலையில் சுமை தங்கிவிட்டது.

நம்முள் பெரும்பாலோர் மருத்துவராகப் போவதில்லை. ஆசிரியராகவோ, அலுவலக எழுத்தராகவோ, வங்கிப் பணியாளராகவோ போவோம். அங்கும் ஒருவர் செய்யக்கூடியதற்கு மேல் வேலை வந்து விழும் நாள் வரும். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து முடிப்பவரைப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல், அவ்வேலையை எண்ணிப் பார்க்கவும், அவரோடு சேர்ந்து எடுத்துச் சொல்லவும் நாம் கற்றிருக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரின் அறை வாசலில் நீண்ட வரிசையில் காத்திருக்கும்போது, உள்ளே இருப்பவர் அன்று எத்தனையாவது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.